‘பறவாயில்லை’ என்று சொன்ன வாய்

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பதிலை எனக்குச் சொல்ல வேண்டாம், உங்களுக்குள் சொல்லிக்கொண்டால் போதும். நீங்கள் செய்த பிழைக்காக வேறொருவர் உங்களிடமே வந்து மன்னிப்புக் கேட்டதுண்டா? கேட்டபோது உங்கள் வாயிலிருந்து என்ன சொல் வந்தது? தயாபரனின் வாயிலிருந்து ‘பறவாயில்லை’ என்ற சொல் வந்தது. மூன்று நாட்களுக்கு முன்பு, மென்மையாக, பெருந்தன்மையாக, தலையை ஒரு பக்கம் சாய்த்தபடி வந்தது. டிசம்பர் முப்பத்தோராம் திகதி மதியம் பன்னிரண்டரை மணிக்கு, சுவிற்சர்லாந்தின் ஒரு மலையூரில், தரைக்குப் பத்து மீட்டர் உயரத்தில் கம்பிவடத்தில் தொங்கி மேலே போகும் கதிரையில் அமர்ந்திருந்தபோதும் அந்தச் சொல் அவனை விடவில்லை. மீன் முள்போலத் தொண்டையில் நின்றது. விழுங்கினால் குத்தியது, கக்கவும் வரவில்லை. அவனிடம் மன்னிப்புக் கேட்டவள் பக்கத்திலேயே அமர்ந்து, கால்களில் பூட்டிய பனிச்சறுக்குப் பலகைகளை ஊஞ்சலில் ஆட்டுவதுபோல ஆட்டிக்கொண்டிருந்தாள். காற்று இருந்ததால் வடத்தை மெதுவாக ஓட்டினார்கள். மேலே போய்ச் சேர வழக்கமாகப் பதினொரு நிமிடம். இன்றைக்குப் பதினெட்டு ஆகும்.

“அண்ணை, இந்தச் சப்பாத்தைக் கண்டுபிடிச்சவன் ஆர்? மன்னாரிலை கழுதைக்குக்கூட இப்பிடி ஒண்டு மாட்டமாட்டினம்” என்றாள் கலிஸ்ரா. அவன் சிரித்தான். சிரிக்க முடிந்ததே என்று உடனே வெட்கப்பட்டான். கலிஸ்ராவுக்கு முப்பத்துநான்கு வயது. மன்னாரிலிருந்து வந்து நான்கு வருடம். பலகைகளும் சப்பாத்துகளும் வாடகைக்கு விடும் கடையில் இந்தப் பருவம்தான் வேலைக்குச் சேர்ந்தாள். மதிய இடைவேளைகளில் ஹோட்டலில் துப்புரவு செய்யும் போர்த்துக்கேயப் பெண்களோடு சேர்ந்து, விழுந்து விழுந்து, பனியில் சறுக்கவும் பழகிக்கொண்டாள். தயாபரன் அதே கடையின் தலைமைத் தொழிலாளி, பதினெட்டுப் பருவங்கள். நேற்று மாலை அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இன்று மூன்று மணி பஸ்ஸில் அவள் பாசல் நகரில் இருக்கும் மச்சாள் வீட்டுக்குப் போகிறாள். ஊழியருக்குக் கொடுத்த மலைச்சீட்டு இன்று வரைக்கும் செல்லும் என்பதால், “ஒருக்கா மேலை போய் இறங்கிப்போட்டுப் போறன், வாறியளோ அண்ணை?” என்று கேட்டாள். அவன் வந்தான். ஏன் வந்தான்? சொல்லிவிடலாம் என்றுதான் வந்தான். மேலே போகும் கதிரையில் இருவரைத் தவிர வேறொருவரும் இல்லை, இறங்கி ஓடவும் முடியாது, சொல்லித்தானே ஆக வேண்டும் என்று தன்னைத் தானே பொறிக்குள் அடைத்துக்கொண்டு வந்தான். முதலாம் தூண் கடந்து போயிற்று. வடம் உருளைகளின் மேல் தடதடத்தது. மனிதன் தனக்குத் தானே வைக்கும் பொறியில் மட்டும் எப்போதும் ஒரு ஓட்டை விட்டுவைப்பான் போலும். வாய் திறக்க வேண்டிய நேரத்தில் அவன் காப்புக் கம்பி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தான்.

பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்ப்பது. அன்றைக்கு அதைச் செய்யவில்லை, அவ்வளவுதான். அவ்வளவுதானா? இருபத்தேழாம் திகதி காலை. நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் இடைப்பட்ட கிழமையில் கடை வாசலில் எட்டு மணிக்கே வரிசை நிற்கும். ஒரு காலையில் நூற்றியிருபது சோடிப் பலகைகள் கைமாறும். ஒவ்வொரு வாடிக்கையாளரின் நிறை, உயரம், வயதைப் போட்டால் கணினி ஒரு தாளில் ஓர் இலக்கத்தை அச்சடித்துத் தரும். சப்பாத்தைப் பலகையோடு பிணைக்கும் பூட்டில் அந்த இலக்கம் வரும் வரை திருகாணியைத் திருப்ப வேண்டும். இலக்கம் குறைந்தால் நடுவழியில் பலகை கழன்று போகும். கூடினால், விழும்போது கழலாமல் நின்று காலை முறிக்கும். திருப்பியவர் தாளின் அடியில் தன் பெயரின் இரண்டு எழுத்துகளைப் போட வேண்டும். நெரிசல் நாட்களில் எழுதிக்கொண்டு நிற்க நேரமில்லை என்று, காலையிலேயே முப்பது தாள்களில் எழுத்தைப் போட்டு வைத்துவிட்டு அச்சுப்பொறிக்குள் செருகுவது கடையின் வழக்கம். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவனே தயாபரன்தான். அவனுடைய கெட்டித்தனம் என்று முதலாளி உர்ஸ் அதைப் புகழ்ந்திருக்கிறார். வேலை செய்வதற்கு முன்பே ‘செய்தேன்’ என்று எழுதிவைக்கிற கெட்டித்தனம். பதினெட்டு வருடமாக ஒருவருடைய காலும் முறியவில்லை, ஆகவே பதினெட்டு வருடமாக அதற்குப் பெயர் கெட்டித்தனம்.

“சாப்பிடுங்கோ” என்று அவள் சட்டைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பாணும் மாசிச் சம்பலும். கையுறையைப் பல்லால் கழற்றி, பாதியைப் பிய்த்து அவனிடம் நீட்டினாள். “விடிய எழும்பி இடிச்சனான். இனி அந்தக் குசினியிலை ஆர் சம்பல் இடிக்கப்போயினம்? போர்த்துக்கேயப் பெட்டையள்தான் பாவம், நல்லாப் பழகிட்டாளவை.” அவன் வாங்கினான். குளிரில் உறைப்பு இன்னும் கூர்மையாக ஏறியது. கண் கலங்கியதற்கு அது காரணமாக அமைந்தது. “உறைக்குதோ? யாழ்ப்பாணத்து ஆளெண்டு பெருமை மட்டும்தான்” என்று அவள் கேலி செய்தாள். அவளுடைய உப்பைத் தின்றுகொண்டிருக்கிறேன் என்று நினைத்தான். வாய்க்குள் இருந்ததை மென்றான். வாய் நிறைந்திருக்கும்போது பேசக் கூடாது என்று சிறுவயதில் சொல்லித்தந்தார்கள். எவ்வளவு வசதியான போதனை.

அன்றைக்கு இரவு முழுக்கப் பனி பெய்திருந்தது, முழங்கால் அளவுக்கு, மாவு அரித்துக் கொட்டியதுபோல. விருந்தாளிகள் வருமுன் ஊழியர்கள் ஒரு தடவை மேலே போய், யாரும் மிதிக்காத பனியில் முதல் கோடு கீறி இறங்கலாம். எட்டேகாலுக்குள் கடையில் நிற்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அவன் ஒரு தடவை இறங்கினான். நேரம் ஏழு ஐம்பது. இன்னொரு தடவை ஏறினான். இறங்கியபோது வெயில் மலைமுகட்டைத் தொட்டது. பலகைகளின் கீழே சத்தமே இல்லை. உடம்புக்கு நிறையும் இல்லை, வயதும் இல்லை. ஐம்பது வயது மனிதன், கடற்கரையூரில் பிறந்தவன், பிறந்து இருபத்தாறு வருடம் பனியைக் கண்ணால் காணாதவன், அந்தச் சரிவில் தன் பெயரைக்கூட மறந்திருந்தான். இதுதான் அவனை இப்போது மிகவும் வெட்கப்படுத்துவது: அந்த இறக்கத்தின் நினைவு இன்னும் இனிக்கிறது. ஒரு பெண்ணின் கால் இரண்டிடத்தில் முறிந்தது, இன்னொரு பெண்ணின் வாழ்க்கை முறிகிறது. அவனுடைய முழங்கால்கள் மட்டும் அந்தப் பனியின் மென்மையை நினைத்து நினைத்துச் சுகப்படுகின்றன. பாவத்துக்கு வருந்துவது எளிது. பாவத்துக்குக் காரணமான இன்பத்துக்கு வருந்துவது எப்படி என்று எந்தக் கோயிலிலும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை.

எட்டு ஐம்பதுக்கு அவன் கடைக்குள் ஓடி வந்தான். வரிசை வீதி வரை நின்றது. அவனுடைய எழுத்துப் போட்ட தாள்கள் நனைந்த சட்டையோடு அலுமாரிக்குள் கிடந்தன; கலிஸ்ராவின் தாள்கள் இரண்டு அச்சுப்பொறிகளிலும் இருந்தன, அவள் இரண்டு ஆட்களின் வேலையைச் செய்துகொண்டிருந்தாள். சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெண், மெலிந்தவள், பியானோ படிப்பிக்கிற ஆசிரியை என்று தானாகவே சொன்னாள். தாள் வந்தது. இலக்கம் நான்கு. அடியில் கலிஸ்ராவின் எழுத்து. வெட்டிவிட்டு என்னுடையதைப் போட வேண்டும் என்று நினைத்தான். நினைத்ததை இப்போது கூடக் காண்கிறான், பேனை காதில் இருந்தது. முதல்நாள் ஒரு பருத்த மனிதர் பாவித்த பலகைகள், பூட்டில் எட்டு. வலது பலகையைத் திருப்பினான். அப்போது யாரோ முகட்டில் பனி எப்படி என்று கேட்டார். அவன் நிமிர்ந்து, பல் தெரியச் சிரித்து, சொல்லத் தொடங்கினான். சொல்லி முடித்தபோது இரண்டு பலகைகளையும் ஒன்றாகக் கட்டி அந்தப் பெண்ணின் தோளில் சாய்த்துவிட்டான். இடது பலகையில் எட்டு எட்டாகவே இருந்தது. அவள் சரிவில் விழுந்தபோது அது கழலவில்லை. மறந்துதான் போனேன். மறந்துதான். எழுத்தை மாற்றாமல் விட்டதும் மறதியா? ஆம், அப்போது மறதி. மறுநாள் உர்ஸ் அந்தத் தாளை மேசையில் வைத்து ‘இது யாருடைய எழுத்து?’ என்று கேட்டபோது இல்லை. மறதிக்கும் பொய்க்கும் நடுவே ஒரு வாசற்படிதான் இருக்கிறது. அதைத் தாண்டும்போது கால் தடக்குவதுகூட இல்லை.

“என்ர எழுத்துத்தான்” என்றாள் அவள் அன்றைக்கு. நூற்றியிருபது சோடியில் எது எவருடையது என்று அவளுக்கு எப்படி நினைவிருக்கும்? தன் எழுத்தைக் கண்டாள், தன் கைதான் என்று நம்பினாள். உர்ஸ் வெளியே போனதும் தயாபரனிடம் வந்தாள். “உங்கடை பேரையும் கெடுத்துப்போட்டன். நீங்கள் சொல்லித்தானே என்னைச் சேர்த்தவை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை.” அவன் சொன்னான்: “பறவாயில்லைப் பிள்ளை.”

இரண்டு பேர் இடுப்பில் ஒரே கயிற்றைக் கட்டிக்கொண்டு தேன் எடுக்கக் குன்று ஏறினார்களாம். மேலே ஏறியவன் கால் பட்டுக் கல்லொன்று உருண்டது. கீழே நின்றவனின் தோளைப் பிளந்தது. பிளந்த தோளோடு கீழே நின்றவன் கத்தினான்: “அண்ணே, நான் கயிற்றை ஆட்டியதால்தான் கல் உருண்டது, கோபிக்காதே.” மேலே நின்றவன், “சரி, இனிமேல் கவனமாயிரு” என்றானாம். இந்தக் கதையை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. இந்த மூன்று இரவுகளில் அவனுடைய மனமே அதைக் கட்டியது. கட்டிவிட்டு ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நின்றுபோனது: பிறகு என்ன நடந்தது? மேலே போனவன் தேனை எடுத்தானா? எடுத்த தேன் இனித்ததா? கயிறு இன்னும் இடுப்பில்தானே இருந்தது?

“அந்த மனுசி நல்ல மனுசி” என்றாள் கலிஸ்ரா, ஒன்பதாம் தூணைப் பார்த்துக்கொண்டு. “நான் காலைத் தொட்டுக் கும்பிட்டன், அவவுக்கு விளங்கேல்லை, மாவுக்கட்டு நோகுதோ எண்டு கேக்கிறன் எண்டு நினைச்சிட்டா. நோகேல்லை நோகேல்லை எண்டு என்ர தலையைத் தடவிவிட்டா. நீங்களும் ஒருக்கா வந்து பாத்திருக்கலாம்.” அவன்தான் கலிஸ்ராவைக் காரில் பள்ளத்தாக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். கடையில் எல்லோரும் அதைப் பெரிய மனசு என்று பேசிக்கொண்டார்கள். கார் நிறுத்த இடமில்லை, நான் சுற்றிக்கொண்டு நிற்கிறேன் என்று சொல்லி அவளை வாசலில் இறக்கிவிட்டான். இடம் இருந்தது. சிவப்புத் தொப்பிக்காரி தன் முகத்தை நினைவில் வைத்திருப்பாள் என்று பயந்தான். நாற்பது நிமிடம் வெறுமையாகக் கிடந்த தரிப்பிடங்களைச் சுற்றிச் சுற்றி ஓட்டினான். “இடம் கிடைக்கேல்லையே” என்றான் இப்போது. தேவையில்லாமல் அதே பொய்யை இரண்டாவது தடவையும் சொன்னான். பொய் குட்டி போடும் என்பார்கள். அவனுடைய பொய்க்குக் குட்டியும் இல்லை, தானே திரும்பத் திரும்பப் பிறந்தது.

எதற்குப் பயம்? இதையும் அவன் நேர்மையாக எண்ணிப் பார்க்க முயன்றான். அவனுக்குச் சுவிஸ் குடியுரிமை இருக்கிறது. வேலை போனால் இன்னொரு வேலை வரும். இழக்கப்போவது என்ன? உர்ஸ் விருந்தாளிகளிடம் அவனை ‘எங்கள் மலையாடு’ என்று அறிமுகம் செய்வார். உள்ளூர்ப் பத்திரிகையில் அவனுடைய படம் வந்தது. மகள் அதைத் தன் அறையில் ஒட்டியிருக்கிறாள். ஒரு படம். ஒரு பட்டப்பெயர். கலிஸ்ராவுக்கோ, ஒரு பருவம் முழுவதும் ஒரே இடத்தில் நன்றாக வேலை செய்தாள் என்ற கடிதம் வேண்டும். அது இருந்தால்தான் வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அனுமதி கிடைத்தால்தான் மன்னாரில் தமக்கையிடம் விட்டுவந்த ஒன்பது வயது மகள் அனோஜினியைக் கூப்பிடலாம். கவனயீனத்துக்காக நிறுத்தப்பட்டவளுக்கு உர்ஸ் அப்படிக் கடிதம் எழுதமாட்டார். ஒரு படத்துக்காக ஒரு பிள்ளையை அதன் தாயிடமிருந்து விலக்கி வைக்கிறேன் என்று அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான். சொல்லியும் வாய் திறக்கவில்லை. தன்னைத் தானே திட்டிக்கொள்வதும் ஒரு வகை மௌனந்தான் என்று அப்போது அவனுக்குத் தெரியவில்லை. உள்ளுக்குள் அழுகிறவன் எதையோ செய்துகொண்டிருப்பதாக நம்பிவிடுகிறான்.

“பிள்ளை” என்றான்.

“ம்?”

“அனோஜினிக்குச் சொல்லிட்டியளோ?”

“என்னத்தை? அம்மா ஒருத்தியின்ர காலை முறிச்சுப்போட்டு வேலை இல்லாமல் போறா எண்டோ?” அவள் எண்ணெய்த் தாளை நான்காய் மடித்தாள். “வேலையிடம் மாறுறன் எண்டு சொன்னனான். பாசலிலை பனி இருக்குமோ எண்டு கேட்டவள். கொஞ்சம் இருக்கும் எண்டன். அப்ப வாறன் எண்டாள். நாளைக்கு வாற மாதிரி.” மடித்ததைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சொன்னாள்: “எனக்கு ஒண்டுதான் அண்ணை விளங்கேல்லை. நான் ஒவ்வொரு பூட்டையும் ரெண்டு தரம் பாக்கிறனான். விசர் எண்டு நீங்களே பகிடி பண்ணுவியள். அண்டைக்கு மட்டும் எப்பிடி விட்டனான்? இரவிலை படுத்தா அந்தக் கையைத்தான் பாக்கிறன். இனி எந்த வேலைக்குப் போனாலும் இந்தக் கையை நம்பேலாது.” கையுறை போடாத கையை அவள் விரித்துப் பார்த்தாள். குளிரில் சிவந்து, விரல் நுனிகள் திருகாணி பிடித்துத் தடித்துப்போன கை. பதினைந்தாம் தூண். பலகை நுனிகளை உயர்த்துமாறு ஓர் அறிவிப்பு. கம்பியைத் தூக்குமாறு இன்னோர் அறிவிப்பு. அவன் கம்பியைத் தூக்கினான்.

கடிதம் மட்டும் அல்ல. அவளுடைய கையையும் எடுத்துவிட்டேன். அந்த நினைப்பு அவனுடைய இடுப்புக்குக் கீழே எல்லாவற்றையும் கல்லாக்கியது. தளம் வந்து பலகைகளின் அடியைத் தட்டியது. கலிஸ்ரா எழுந்து சற்றுத் தள்ளாடிச் சறுக்கிப் போனாள். பதினெட்டுப் பருவங்களாகத் தினம் பத்துத் தடவை எழுந்த மனிதன் எழவில்லை. கதிரை அவனைச் சுமந்துகொண்டு இறங்குமிடத்தைத் தாண்டியது. காவற்கயிறு அவனுடைய முழங்காலில் பட்டது. மணி அடித்து, வடம் முழுவதும் நின்றது. கீழே மலைச்சரிவு நெடுக நூறு பேர் காற்றில் ஆடினார்கள். இறங்குமிடத்தில் வேலை செய்யும் ஜியான் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தான். “தயா? நீயா? தூங்கிவிட்டாயா?” கலிஸ்ரா திரும்பிப் பக்கவாட்டில் படிப்படியாக ஏறி வந்தாள். “என்ன அண்ணை, ஏலாமல் இருக்கோ? நெஞ்சுக்குள்ள ஏதும் செய்யுதோ?” அவள் முகத்தில் பயம். அவனுக்காகப் பயம். அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“அந்தப் பலகையைப் பூட்டினது நான்” என்றான். “தாள் மட்டுந்தான் உங்கடை. நீங்கள் ஒண்டும் விடேல்லை. நான்தான் இடதைத் திருப்பாமல் குடுத்தனான்.”

ஜியானுக்குத் தமிழ் தெரியாது. அவன் வந்து தயாபரனைக் கைபிடித்து இறக்கிவிட்டு, வடத்தை ஓடவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு போனான்.

“எப்ப தெரியும்?”

“உர்ஸ் தாளைக் காட்டேக்கையே.”

“ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விடேக்கையும் தெரியும்.”

“ஓம்.”

அவள் கையுறையைப் போட்டாள், ஒவ்வொரு விரலாக, மெதுவாக. “ஏன் அண்ணை என்னட்டைச் சொல்லுறியள்?” என்றாள் கடைசியில். “நான் உங்களை மன்னிச்சு, நீங்கள் நித்திரை கொள்ளுறதுக்கோ? கடிதம் எழுதிற ஆள் நானில்லை.” பிறகு பலகைகளின் முனைகளை உள்ளே வளைத்து, புதிதாகப் பழகியவர்கள் இறங்குவதுபோல, அகலக் கால் வைத்து, மிகக் கவனமாக, அவனுக்காக நிற்காமல் இறங்கத் தொடங்கினாள்.

ஒரு காதில் சொன்ன உண்மை பாதி உண்மை. குற்றத்தைச் சுமந்தவரிடம் மட்டும் இரகசியமாக ஒப்புக்கொண்டுவிட்டு, ஊர் அறிய அவரையே குற்றவாளியாக விட்டுவைப்பவன், சுமையை இறக்கவில்லை. அவருடைய தலையில் இன்னொன்றை ஏற்றுகிறான். இதை நான் உங்களுக்குச் சொல்கிறேன். அவன் அதை அவளுடைய முதுகிலிருந்து படித்தான். சரிவில் நேராக இறங்கினான். வளைவு இல்லை, அழகு இல்லை, முழங்கால்களுக்கு இன்பம் இல்லை. காற்று கண்ணீரைக் காதுப்பக்கம் இழுத்தது. பயம் அப்போதும் கூடவே இறங்கியது. பயம் போன பிறகு பேசலாம் என்று காத்திருந்ததுதான் தன் பிழை, அது போகாது, அதையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்று, பாதி வழியில், ஏனோ மிகச் சாதாரணமாக, விளங்கிற்று.

கடை ஒன்றரைக்குத் திறந்தது. வாசலில் இருபது பேர். உர்ஸ் கணினியைத் தட்டிக்கொண்டிருந்தார். தயாபரன் சப்பாத்தைக் கழற்றாமலே மேசைக்குப் போய், எல்லோருக்கும் கேட்க, ஜெர்மன் மொழியில் சொன்னான்: பியானோ ஆசிரியையின் பூட்டைத் திருப்பாமல் விட்டது நான், கலிஸ்ரா அல்ல, அந்தப் பலகையை அவள் தொடவே இல்லை. தான் அன்று தாமதமாக வந்ததையும் சொன்னான். ஏன் தாமதம் என்பதையும் சொன்னான். வரிசையில் நின்ற ஒருவர் தன் கையிலிருந்த பலகையின் இலக்கத்தைக் குனிந்து பார்த்தார். உர்ஸின் முகம் சிவந்தது. அவர் அவனை முழங்கையில் பிடித்துச் சுவர்ப்பக்கம் இழுத்தார்.

“தயா, இது கெட்ட விடயம்” என்றார் தாழ்ந்த குரலில். “மிகவும் கெட்ட விடயம். ஆனால் இன்றைக்கு முப்பத்தொன்று. நீயும் போனால் யார் பூட்டுவது? விடுமுறை முடியட்டும். ஜனவரி நடுவில் மூவரும் ஆறுதலாக இருந்து பேசுவோம்.”

ஜனவரி நடு. எவ்வளவு மெத்தையான சொல். படுத்தால் எழும்ப மனம் வராது. சுவர்க்கடிகாரத்தில் ஒன்று முப்பத்தெட்டு. தயாபரன் மேசையில் கிடந்த பேனையை எடுத்து முதலாளியின் கையில் வைத்தான். வெறுந்தாள் ஒன்றை அச்சுப்பொறியிலிருந்து உருவி மேசையில் விரித்தான். அதன் அடியில் யாருடைய எழுத்தும் இல்லை.

“ஜனவரி வேண்டாம்” என்றான். “அவளுடைய பஸ் மூன்று மணிக்கு. நான் பக்கத்தில் நிற்கிறேன், வரிசையும் நிற்கட்டும். பிழை அவளுடையது அல்ல, அவள் வேலையில் தொடரலாம் என்று இப்போதே எழுதுங்கள்.”